சாயத்தில் மருந்து கண்ட அறிஞர் பால் எர்லிக்

பிணியுற்றார்க்கு மருந்தளித்தல் தொன்றுதொட்டு எந்நாட்டினும் நிகழ்ந்துவரும் நல்லறமாகும். நம் நாட்டுச் சித்தர்கள் மூலிகைகளையும், இரசம் பாஷாணம் முதலிய கொடும் பொருள்களையும் பக்குவஞ் செய்து வழங்கினர். மேனாட்டாரும் சின்கோனாப் பட்டையையும் பாதரசத்தையும் கையாண்டனர். இவையெல்லாம் இயற்கை தந்த பொருள்கள். நெடுங்கால அனுபவத்தால் பயனறியப்பட்டவை. இயற்கையில் யாண்டும் காணப்படாத ஒரு புதுப் பொருளை மனிதன் தன் அறிவுகொண்டு ஆக்கி, அதனைக் குறித்ததொரு கிருமியின்மேல் ஏவி, நோயாளியின் உடலுக்கு ஊறு நேராமற் கிருமியை மட்டும் மாய்த்தல் கூடுமோ? இவ்வினாவைத் தம் வாழ்நாள் வினாவாகக் கொண்டு விடையுங் கண்டவர் ஜெர்மனி தேசத்துப் பேரறிஞர் பால் எர்லிக் ஆவர்.

அவருடைய சரித்திரத்தை ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம். இரசாயன ஆய்வுக்கூடத்திற் குடுவையும் விளக்குமாக நிற்கும் நம் மாணாக்கர்க்கு இச்சரித்திரம் தனியானதொரு பயனைத் தரும். புதுப் பொருளை ஆக்குதல் பாதித் தொழிலே. அதனைச் செவ்வனே சோதித்தல் மற்றைப் பாதி. இவ்வுண்மை எர்லிக்கின் வாழ்க்கையில் மிகத் துலக்கமாக விளங்குகின்றது. அவருக்கு அழியாப் புகழ் தந்த மருந்தே, தவறான ஒரு சோதனையின் காரணமாகப் பயனற்றதென்று ஒதுக்கப்பட்டு, ஏறத்தாழ ஈராண்டு அவருடைய ஆய்வுக்கூடத்தில் வாளா கிடந்தது.

பிறப்பும் இளமையும்

எர்லிக் 1854-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 14-ஆம் நாள், அந்நாளிற் பிரஷிய அரசுக்கு உட்பட்டிருந்த சைலீஷியா மாகாணத்தில் ஸ்ட்ரேலன் என்னும் சிற்றூரிற் பிறந்தார். அவ்வூர் இக்காலத்திற் போலந்து நாட்டைச் சேர்ந்தது. பெற்றோர் யூத மரபினர். தந்தையார் இஸ்மார் எர்லிக் மது வடித்தலும் விடுதி நடத்தலும் தொழிலாகக் கொண்டவர். தாய்வழி உறவினரான கார்ல் வைகர்ட் என்பவர் எர்லிக்கினும் ஒன்பதாண்டு மூத்தவர். பின்னாளில் நோய்க்கூற்று நூலிற் சிறந்த புலமை எய்தியவர். நிலக்கரிக் கீலினின்று எடுக்கப்பட்ட அனிலின் சாயங்களைக் கொண்டு கிருமிகளுக்கு நிறமேற்றிக் காட்டிய முன்னோடிகளுள் அவரும் ஒருவர். இளைஞராகிய எர்லிக்கிற்குச் சாயங்களின்மேல் தீராக் காதலை ஊட்டியவர் இவரே.

எர்லிக் பள்ளியிற் பெரும் பெயர் எடுத்தவரல்லர். கணிதமும் இலத்தீனும் அவர்க்கு இனித்தன. தாய்மொழியிற் கட்டுரை வரைதலோ எட்டியாய்க் கசந்தது. இறுதித் தேர்வில், வாழ்க்கை ஒரு கனவு என்னும் பொருள்பற்றி எழுதுமாறு ஆசிரியர் பணித்தனராம். மாணாக்கரோ, வாழ்க்கையாவது உடலினுள் நிகழும் ஒருவகை எரிதலே என்றும், கனவாவது மூளை விடும் ஒளியே என்றும் எழுதிவைத்து, ஆசிரியரின் வெகுளிக்கு ஆளாயினர் என்பர். உயிர்ச் செயல் யாவற்றையும் இரசாயனக் கண்கொண்டு நோக்கும் இயல்பு அவ்வயதிலேயே அவர்பால் வேரூன்றியிருந்தது.

மருத்துவங் கற்கும்பொருட்டுப் பிரெஸ்லா, ஸ்ட்ராஸ்பர்க், பிரைபர்க், லைப்சிக் ஆகிய சர்வகலாசாலைகளில் அவர் பயின்றார். ஸ்ட்ராஸ்பர்க்கில் உடற்கூற்று ஆசிரியராயிருந்த வால்டயர், மாணாக்கர் ஒருவரின் மேசை நீலமும் சிவப்பும் மஞ்சளுமாகக் கறைபடிந்திருத்தலைக் கண்டார். பாடத்திட்டத்திற் சொல்லப்படாத சாயச் சோதனைகளை எர்லிக் தாமே செய்துகொண்டிருந்தார். கடிந்து தடுக்கத்தக்க நிலையில் அப்பேராசிரியர் அவரை அவர்போக்கில் விட்டுவிட்டார். ஆசிரியர் ஒருவர் காட்டிய இப்பொறுமைக்கு உலகம் மிகவும் கடமைப்பட்டிருக்கின்றது. பின்னர் ராபர்ட் காக் என்னும் கிருமியியற் பேரறிஞர் பிரெஸ்லாவிற்கு வந்தபோது, சாயமேற்றுவதில் வல்லவர், ஆயினும் தேர்விற் தேறமாட்டார் என்று எர்லிக்கை அவர்க்குச் சுட்டிக் காட்டினராம். அவ்வாறு சுட்டப்பட்டவர் 1878-ஆம் ஆண்டு லைப்சிக்கில், உயிர்த் திசுக்களுக்குச் சாயமேற்றும் முறைபற்றி ஆராய்ச்சியுரை எழுதி மருத்துவப் பட்டம் பெற்றார்.

சாயமும் உயிரணுவும்

துணிக்குச் சாயந் தோய்ப்பார் நன்கறிந்த செய்தியொன்று உண்டு. பட்டும் கம்பளியும் எளிதிற் பற்றும் சாயங்கள் சிலவற்றைப் பருத்தி பற்றுவதில்லை. நூலின் இயல்புக்கும் சாயத்தின் இயல்புக்கும் இடையே ஓர் உறவு இருந்தாலன்றி நிறம் நிலையாது. உடலிலுள்ள உயிரணுக்களிடத்தும் இதுவே நிகழக் கண்டார் எர்லிக். ஒரு சாயம் நரம்பைப் பற்றும். அடுத்திருக்கும் தசையைப் பற்றாது. மற்றொன்று குருதியில் ஒருவகை வெள்ளணுவை மட்டும் பற்றி ஏனையவற்றை விட்டொழியும். பெர்லின் நகரத்துச் சாரிட்டே மருத்துவமனையில் பிரேரிக்ஸ் என்பாரின்கீழ் பணிபுரிந்த ஆண்டுகளில், இவ்வுறவைக் கருவியாகக் கொண்டு குருதியின் வெள்ளணுக்களை வகை பிரித்து, இரத்த நோய்களை ஆராயும் நூலுக்கே புது வழி வகுத்தார்.

1882-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 24-ஆம் நாள், க்ஷயரோகத்தின் கிருமியைத் தாம் கண்டுபிடித்த செய்தியைக் காக் பெர்லினில் வெளியிட்டார். அவையிலிருந்த எர்லிக் அன்றே ஆய்வுக்கூடம் புகுந்து அக்கிருமிக்குச் சிறந்த முறையில் நிறமேற்ற முயன்றார். சாயமேற்றிய கண்ணாடித் தகடுகளை உலருமாறு அவர் அடுப்பின்மேல் வைத்துச் செல்ல, காலையிற் பணிப்பெண் அதனை அறியாது தீ மூட்டிவிட்டாள் என்றும், அவ்வெப்பத்தாலேயே கிருமிகள் தெளிவாகத் துலங்கின என்றும் ஒரு கதை வழங்குகின்றது. அஃது எவ்வாறாயினும், அமிலத்தாற் கழுவினும் இக்கிருமி தான் ஏற்ற சாயத்தை விடாது என்னும் பேருண்மையை அவர் கண்டார். க்ஷயக் கிருமியை நுண்ணோக்கியிற் காணும் முறை இன்றளவும் அவ்வுண்மையையே அடிப்படையாகக் கொண்டுள்ளது.

1883-ஆம் ஆண்டு எர்லிக் ஹெட்விக் பிங்கஸ் என்னும் நங்கையை மணந்தார். புதல்வியர் இருவர் பிறந்தனர். சில்லாண்டில் அவரையே க்ஷயரோகம் பற்றியது. தாம் செப்பஞ்செய்த முறையினாலேயே தம் கோழையிற் கிருமியைக் கண்டுகொண்டார் என்பர். 1888-ஆம் ஆண்டு மனைவியாருடன் எகிப்து தேசஞ் சென்று தங்கி, உடல்நலந் தேறி அடுத்த ஆண்டு மீண்டார்.

மீண்டபின் அவருள்ளத்தில் ஒரு புதிய எண்ணம் முளைத்தது. ஒரு சாயம் கிருமியை மட்டும் தேடிப் பற்றுமாயின், அதனோடு நச்சுத்தன்மையும் சேர்ந்திருப்பின், அது கிருமியை மட்டுமே கொல்லும் அன்றோ? மெதிலீன் நீலம் மலேரியாக் கிருமியின் உடலில் ஏறுவது தெரிந்திருந்தது. 1891-ஆம் ஆண்டு குட்மன் என்பவரோடு கூடி, மலேரியாக் காய்ச்சலுற்ற இருவர்க்கு அச்சாயத்தையே மருந்தாகக் கொடுத்தார். இருவரும் நலம் பெற்றனர். கொய்னாவினும் அது சிறந்ததன்று. ஆயினும், சாயத்தொழிலின் பொருட்டு மனிதன் ஆக்கிய பொருளொன்று உடலினுள் வாழும் கிருமியை அடக்கவல்லது என்பது அன்று தெரிந்தது.

அளவறிந்த அறிஞர்

இவ்வெண்ணம் முற்றுதற்கு முன்னே வேறொரு பணி அவரை அழைத்தது. குழந்தைகளைத் திரள் திரளாக மாய்த்துவந்த தொண்டை அடைப்பான் நோய்க்கு, அதன் நஞ்சை முறிக்கும் ஊநீரைப் பேரிங் என்பவரும் ஜப்பானியராகிய கிடசாட்டோவும் 1890-ஆம் ஆண்டு கண்டனர். ஆயின் குதிரைகளினின்று எடுத்த ஊநீர் ஒருமுறை வலியுடையதாயும் மற்றொருமுறை வலியற்றதாயும் இருந்தது. எவ்வளவு கொடுத்தாற் குழந்தை பிழைக்கும் என்று மருத்துவர் அறியக்கூடவில்லை. எர்லிக் இக்குறையைத் தீர்த்தார். கினிப் பன்றிகளிடத்துச் சோதித்து நஞ்சுக்கும் நச்சுமுறிக்கும் உள்ள அளவைத் திட்டஞ்செய்தார். கெடாதவாறு காற்றின்றி உலர்த்திவைத்த ஊநீரொன்றை நிலையளவாகக் கொண்டு, புதிதாக எடுக்கும் ஊநீர் ஒவ்வொன்றையும் அதனோடு ஒப்பிட்டறியும் முறையை 1897-ஆம் ஆண்டு வெளியிட்டார். படியும் மரக்காலும் இன்றி நெல் அளக்கலாகாது. அதுபோல நிலையளவின்றி மருந்து வழங்கலாகாது என்பதை மருத்துவ உலகம் அவரிடமிருந்தே கற்றது எனலாம்.

1896-ஆம் ஆண்டு பெர்லினுக்கருகில் ஸ்டெக்லிட்ஸ் என்னுமிடத்தில் அமைந்த ஊநீர் ஆராய்ச்சி நிலையத்திற்கும், 1899-ஆம் ஆண்டு முதல் பிராங்க்பர்ட் நகரில் அமைந்த பெரிய நிலையத்திற்கும் அவரே தலைவரானார். உடல் நோயை எதிர்த்து நிற்கும் ஆற்றலைப்பற்றிய ஆராய்ச்சிக்காக 1908-ஆம் ஆண்டின் நோபெல் பரிசு அவருக்கும் ருஷிய அறிஞர் மெச்னிகாவுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. பிறராயின் இவ்வளவில் அமைந்திருப்பர். எர்லிக்கோ அப்பொழுது தம் வாழ்க்கையின் பெருந்தொழிலை நடுவழியிற் கொண்டு நின்றார்.

புதுப் பொருள்களை ஆக்கல்

பிராங்க்பர்ட்டில் அவர் மறுபடியுஞ் சாயங்களுக்குத் திரும்பினார். குதிரை முதலிய விலங்குகளுக்கும், ஆப்பிரிக்காவில் மனிதர்க்கும் உறக்க நோய் முதலிய கொடு நோய்களை விளைக்கும் டிரைபனசோம் என்னும் நுண்ணுயிரைச் சுண்டெலிகளின் உடலிற் செலுத்தி, ஷீகா என்னும் ஜப்பானிய அறிஞருடன் நூற்றுக்கு மேற்பட்ட சாயங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்தார். சிறிது பயன்தந்த ஒரு சாயம் நீரில் நன்கு கரையாமை கண்டு, அதன் மூலக்கூற்றிற் கந்தகச் சார்புள்ள தொகுதியொன்றை மிகுதியாகச் சேர்த்துத் தருமாறு சாயத் தொழிற்சாலையாரைக் கேட்டுப் பெற்றார். இவ்வாறு 1904-ஆம் ஆண்டு தோன்றிய டிரைபன் சிவப்பு, சாகுந் தறுவாயிலிருந்த சுண்டெலிகளை ஒரே ஊசியிற் பிழைப்பித்தது. ஆயினும் டிரைபனசோம்களுள் ஓரினத்தினிடத்து வென்ற சாயம் பிற இனங்களினிடத்துத் தோற்றது. மனிதர்க்கும் அது பயன்படவில்லை. எனினும் மூலக்கூற்றின் ஓருறுப்பை மாற்றினால் அதன் மருந்தாற்றலும் மாறும் என்னும் பாடம் கிடைத்தது. இன்று உலகெங்கும் இரசாயனர் செய்துவரும் தொழிலுக்கு இப்பாடமே வித்தாகும்.

அடுத்து அவர் கருத்தை ஈர்த்தது அட்டாக்ஸில் என்னும் பொருள். அனிலினையும் பாஷாண அமிலத்தையும் ஒன்றுசேர்த்து 1859-ஆம் ஆண்டிலேயே பெஷாம்ப் என்னும் பிரெஞ்சு அறிஞர் ஆக்கியது அது. டிரைபனசோம்களை அது கொல்லும் என்று 1905-ஆம் ஆண்டு லிவர்ப்பூலில் தாமஸ், பிரைன்ல் என்னும் இருவர் காட்டினர். ஆனால் அதனை உட்கொண்ட நோயாளர் சிலர் கண்ணொளி இழந்தனர். மருந்துண்டு, உடன் கேடும் உண்டு. கேட்டினை நீக்கி மருந்தை மட்டும் நிறுத்தல் கூடுமோ என்று எர்லிக் சிந்தித்தார்.

அட்டாக்ஸிலின் அமைப்பைப்பற்றி அந்நாளைய இரசாயனர் கொண்டிருந்த கருத்துப்படி, அதனை மேலும் மாற்றியமைத்தற்கு வழியில்லை. அமைப்பு அவ்வாறன்று என்று எர்லிக் ஐயுற்றார். பாஷாண அணு பென்சீன் வளையத்தின் கரியணுவோடு நேரே பிணைந்துள்ளது என்றும், வளையத்தின் எதிர்ப்புறத்தில் அமினோத் தொகுதி கட்டின்றி நிற்கின்றது என்றும், ஆல்பிரட் பெர்த்தைம் என்னும் நுட்பமிக்க இரசாயனருடன் கூடி 1907-ஆம் ஆண்டு நிலைநாட்டினார். கட்டற்ற தொகுதி உண்டெனின், அதனைப் பற்றுக்கோடாகக் கொண்டு எத்தனையோ புதுத் தொகுதிகளைச் சேர்க்கலாம். பூட்டியிருந்த கதவு இதனால் திறந்தது. பாஷாணமும் கரியவளையமும் கலந்த கூட்டுப்பொருள்கள் நூற்றுக்கணக்காக அவ்வாய்வுக்கூடத்தில் உருப்பெற்றன. பிரான்சிஸ்கா ஸ்பெயர் என்னும் பெருமாட்டி தம் கணவர் நினைவாக அளித்த பெருஞ்செல்வத்தால் 1906-ஆம் ஆண்டு எழுந்த ஜார்ஜ் ஸ்பெயர் இல்லம் இப்பணிக்கு இடமாயிற்று.

ஆக்கிய பொருள் ஒவ்வொன்றும் சுண்டெலிகளிடஞ் சென்றது. இரண்டு அளவுகளை அவர் தேடினார்: எலி உயிருக்கு ஊறின்றித் தாங்கவல்ல மிகப் பெரிய அளவு ஒன்று, கிருமியை ஒழிக்கவல்ல மிகச் சிறிய அளவு மற்றொன்று. இவ்விரண்டிற்கும் இடைவெளி எத்துணை மிகுதியோ அத்துணைச் சிறந்தது அம்மருந்து. இவ்வெளிய கணக்கு இன்றும் மருந்து நூலாரின் முதற் கணக்காக உள்ளது.

இச்சோதனைகளிடையே எதிர்பாராத உண்மைகள் இரண்டு புலப்பட்டன. அட்டாக்ஸிலைச் சோதனைக் குழாயில் டிரைபனசோம்களோடு கலந்தால் அவை சாகவில்லை. உடலினுட் செலுத்தினாலோ மடிந்தன. உடல் அதனிலுள்ள பாஷாணத்தை வேறொரு நிலைக்கு மாற்றிய பின்னரே அது கிருமியைத் தாக்குகின்றது என்று எர்லிக் தெளிந்தார். குழாயொன்றையே நம்பினவர் இம்மருந்தினை எறிந்துவிட்டிருப்பர். மற்றொரு உண்மை அச்சந் தருவது. மருந்தினைக் குறைந்த அளவிற் பலமுறை கொடுத்தால், எஞ்சிய கிருமிகள் அதனைத் தாங்கப் பழகிவிடுகின்றன; அவற்றின் வழிவழி வந்தவையும் அவ்வியல்பை விடுவதில்லை. பாஷாணத்தைத் தாங்கும் கிருமியைச் சாயங் கொல்லும். சாயத்தைத் தாங்கும் கிருமியைப் பாஷாணங் கொல்லும். ஆதலின் முதலிலேயே வலிய அடியாக அடித்து வேரறுத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கையாயிற்று.

ஒதுக்கப்பட்ட மருந்து

1905-ஆம் ஆண்டு பெர்லினில் ஷாடின், ஹாப்மன் என்னும் இருவர், மேகப்புண் என்றும் சிபிலிஸ் என்றும் வழங்கும் கொடு நோய்க்குக் காரணமான திருகு வடிவக் கிருமியைக் கண்டனர். அந்நோய்க்குப் பல நூற்றாண்டுகளாக மேனாட்டில் வழங்கிய மருந்து பாதரசமே; பல் உதிர்ந்து வாயெல்லாம் புண்ணாகியும் நோய் தீராதோர் எண்ணிலர். நோயுற்றவரின் மூளையும் இதயமும் கெடும். கருவிலிருக்குங் குழவியையும் அது பற்றும். இக்கிருமி டிரைபனசோமோடு உறவுடையது என்று அந்நாளிற் கருதினர். அக்கருத்துப் பிற்காலத்திற் பிழையென்று தெரிந்தது. எனினும் அப்பிழையே எர்லிக்கின் பாஷாணப் பொருள்களை இந்நோயின்பால் திருப்பியது.

1909-ஆம் ஆண்டு, டோக்கியோ நகரத்தில் கிடசாட்டோவின் நிலையத்தினின்று சாஹாசீரோ ஹாட்டா என்னும் அறிஞர் பிராங்க்பர்ட்டுக்கு வந்தார். முயல்களுக்கு இந்நோயை உண்டாக்கிச் சோதிக்கும் அரிய முறையில் அவர் கைதேர்ந்தவர். அவரிடம் எர்லிக் ஒப்படைத்த பணி பொறுமைக்கு இலக்கணமாவது: புதிதாக ஆக்கியவற்றோடு, முன்னரே சோதித்துக் கழித்தவற்றையும் முதலிலிருந்து மறுபடி சோதித்தல்.

அவ்வாறு கழிக்கப்பட்டவற்றுள் ஒன்று ஆய்வுக்கூடப் பட்டியலில் 606 என்னும் எண்ணுடையது. பெர்த்தைம் அதனை 1907-ஆம் ஆண்டு ஆக்கினார். அப்போது சோதித்த உதவியாளர் ஒருவர் அது பயனற்றது என்று எழுதிவைத்தார். எழுதியதை நம்பி அதனை ஒதுக்கினர். ஹாட்டாவோ ஏட்டினை நம்பாது முயலை நம்பினார். அவர் கையில் 606 ஏனைய யாவற்றையும் வென்று நின்றது. 1909-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 31-ஆம் நாள், பெரும்புண் கொண்ட முயலொன்றின் நாளத்தில் அம்மருந்தினைச் செலுத்தினர். எர்லிக்கும் பெர்த்தைமும் உடனிருந்தனர். மறுநாள் அப்புண்ணினின்று எடுத்த நீரை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபொழுது உயிருள்ள கிருமி ஒன்றேனும் காணப்படவில்லை. சில வாரங்களிற் புண் ஆறியது.

ஈண்டு நாம் சற்றே நின்று எண்ணுதல் தகும். முதற் சோதனை செய்தவர் நேர்மையற்றவர் என்று சொல்லச் சான்றில்லை. கவனக்குறைவோ, முறையின் குறைவோ, யாதோ ஒன்று நேர்ந்தது. ஆயினும் அவர் எழுதிய ஒருவரி ஈராண்டு மருந்தினை மறைத்தது. இவ்வீராண்டில் அம்மருந்தின்றி நலிந்தார் எத்தனை ஆயிரவரோ! ஆய்வேட்டில் ஒரு பொருளைப் பயனற்றது என்று எழுதுவார், பயனுடையது என்று எழுதுவாரினும் மிகுதியாக அஞ்சுதல் வேண்டும். பயனுடையது என்ற கூற்றைப் பலர் மீண்டுஞ் சோதிப்பர். பயனற்றது என்றதைத் தொடுவார் அரியர்.

புகழும் பழியும்

1910-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 19-ஆம் நாள், வீஸ்பாடன் நகரிற் கூடிய மருத்துவப் பேரவையில் இம்மருந்தின் செய்தி வெளியாயிற்று. உலகின் பல பகுதிகளினின்றும் மருத்துவர்கள் பிராங்க்பர்ட்டை மொய்த்தனர். எர்லிக் உடனே விற்பனைக்கு இசையவில்லை. ஏறத்தாழ 65,000 பங்கு மருந்தினை விலையின்றித் தேர்ந்த மருத்துவர்களுக்கு அனுப்பி, நோயாளர் நிலையைக் குறித்து எழுதுமாறு வேண்டினார். அக்குறிப்புகளைக் கண்ட பின்னரே, 1910-ஆம் ஆண்டின் இறுதியில், ஹெக்ஸ்ட் தொழிற்சாலையார் சால்வர்சான் என்னும் பெயரால் அதனை விற்கத் தொடங்கினர்.

மருந்தின் இயல்பு எளிதன்று. மஞ்சள் நிறத் தூளாகிய அது காற்றுப் பட்டாற் கெட்டு நச்சுத்தன்மை மிகும். ஆதலிற் காற்று நீக்கிய கண்ணாடிக் குப்பிகளில் உருக்கியடைத்தனர். ஊசியேற்றுமுன் அதனை நீரிற் கரைத்துக் காரஞ் சேர்த்துப் பக்குவஞ்செய்தல் வேண்டும். இதனிற் சிறிது பிழைப்பினும் நோயாளிக்குக் கேடு விளையும். ஒரே அடியில் நோயை வேரறுக்கலாம் என்று எர்லிக் கொண்ட நம்பிக்கையும் முற்றும் நிறைவேறவில்லை. பலர்க்குப் பலமுறை மருந்தேற்ற வேண்டியிருந்தது. சிலர் இறந்தனர். தீங்கு நேர்ந்ததாக வந்த ஒவ்வொரு செய்தியையும் அவர் தாமே வாங்கிப் படித்து, காரணம் மருந்தோ, நீரோ, அளவோ, கையாண்ட முறையோ என்று ஆராய்ந்தார். 1912-ஆம் ஆண்டு, நீரில் எளிதிற் கரையும் நியோசால்வர்சான் என்னும் 914-ஆம் எண் மருந்து வெளிவந்தது. நோய் தீர்க்கும் வலியிற் சிறிது குறைந்ததாயினும், மருத்துவர் கையாளுதற்கு அஃது எளியதாயிற்று.

புகழோடு பழியும் வந்தது. பொருளாசையால் நஞ்சினை மருந்தென விற்கின்றனர் என்றும், பிராங்க்பர்ட் மருத்துவமனையில் ஏழை மகளிர்மீது வலிந்து சோதிக்கின்றனர் என்றும் பத்திரிகையாளர் ஒருவர் எழுதினார். 1914-ஆம் ஆண்டு அது வழக்காயிற்று. எர்லிக்கும் சாட்சி கூறினார். குற்றஞ் சாட்டியவர்க்கே சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. எனினும் அவர் உடலும் உள்ளமும் தளர்ந்தன. புதுமருந்தை மனிதர்க்கு அளிப்பார் அவர்தம் இசைவையும் நலத்தையும் எவ்வாறு காத்தல் வேண்டும் என்னும் வினாவோ அவ்வழக்கோடு முடிந்துவிடவில்லை. பின்னாளில் உலகம் அதற்கு விதிகள் வகுக்க நேர்ந்தது.

குணமும் முடிவும்

எர்லிக் ஆடம்பரம் அறியாதவர். ஒருநாளில் இருபத்தைந்து சுருட்டு வரையிற் புகைப்பாராம். சுருட்டுப் பெட்டி கைக்கீழ் இருந்தபடியே இருக்கும். அவர் அறையில் நாற்காலியும் மஞ்சமும் நூல்களாலும் சஞ்சிகைகளாலும் நிரம்பியிருந்தமையின், வந்தவர்க்கு அமர இடமிராது. ஒவ்வோர் உதவியாளரும் அன்று செய்யவேண்டுவதை வண்ணத் தாள்களில் தம் கையால் எழுதி அனுப்புவார். ஆராய்ச்சிக்குப் பொறுமை, திறமை, பணம், நற்பேறு என நான்கும் வேண்டும் என்பது அவர் துணிபு.

குறையும் உண்டு, மறைத்தல் சரித்திர நெறியன்று. 1914-ஆம் ஆண்டு பெரும்போர் மூண்டபோது, ஜெர்மனியின் செயலுக்கு அரணாக அந்நாட்டு அறிஞர் தொண்ணூற்று மூவர் வெளியிட்ட அறிக்கையில் அவரும் கையொப்பமிட்டார். சோதியாத பொருளை ஏற்காத அவரே, சோதியாத கூற்றை ஏற்றார் என்று வருந்த வேண்டியுள்ளது. அவர்தம் வலக்கையாயிருந்த பெர்த்தைம் போர் தொடங்கிய அம்மாதமே விபத்தொன்றில் மாண்டார். எர்லிக்கும் நலிவுற்று, 1915-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 20-ஆம் நாள் பாட் ஹோம்பர்க்கில், தம் 61-ஆம் வயதில் உயிர் நீத்தார்.

பின்னர் ஜெர்மனியில் நாஜிகள் ஆட்சி எய்தியபொழுது, யூதர் என்ற காரணத்தால் அவர் பெயரைத் தெருவினின்றும் அழித்தனர். கைம்பெண்ணாகிய ஹெட்விக் அம்மையாரும் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. அவ்வாட்சி ஒழிந்தபின் 1947-ஆம் ஆண்டு, அவர் தலைமை வகித்த நிலையத்திற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. யூரோ நாணயம் வருமுன் ஜெர்மனியில் வழங்கிய 200 மார்க் தாளிலும் அவருருவம் பொறிக்கப்பட்டிருந்தது.

வழித்தோன்றல்கள்

எர்லிக் தொடங்கிய நெறி அவரோடு அவியவில்லை. 1932-ஆம் ஆண்டு, கிளாரர், மீட்ஷ் என்னும் இரசாயனர் ஆக்கிய செந்நிறச் சாயமொன்றைக் கெர்ஹார்ட் டோமாக் சுண்டெலிகளிடத்துச் சோதித்து, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னுங் கொடுங் கிருமியினின்று அவற்றைக் காத்தார். பிராண்டோசில் எனப் பெயரிய அஃது, அசோச் சாயத்தின் உறுப்பும் சல்போனமைட் உறுப்பும் ஒரே மூலக்கூற்றில் இணைந்த கலப்புப் பொருள். சோதனைக் குழாயில் அதுவுங் கிருமியைக் கொல்லவில்லை. உடல் அதனைப் பிளந்து, நிறமற்ற சல்பனிலமைட் பகுதியை விடுவித்தபின்னரே மருந்தாகின்றது என்று பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தார் 1935-ஆம் ஆண்டு காட்டினர். அட்டாக்ஸில் கற்பித்த பாடமே மீண்டும் வந்தது.

1940-ஆம் ஆண்டுகளிற் பெனிசிலின் வந்து சால்வர்சானை அகற்றியது. ஆயினும் அம்மருந்தைப்பற்றிய ஆராய்ச்சி முடியவில்லை. எர்லிக் கருதியபடி அதன் மூலக்கூற்றில் இரண்டு பாஷாண அணுக்கள் இரட்டைப் பிணைப்பால் இணைந்திருக்கவில்லை என்றும், மூன்றும் ஐந்துமாகப் பாஷாண அணுக்கள் வளையமாக அமைந்த பொருள்களின் கலவையே அஃது என்றும் நியூசிலாந்து அறிஞர்கள் 2005-ஆம் ஆண்டு வெளியிட்டனர். அமைப்பை முற்றும் அறியாதிருந்தும் மருந்தின் பயனை அவர் பிழையின்றி அறிந்தது, சோதனையை உயிராகப் போற்றியமையால் அன்றோ?

நாம் கொள்ளத்தக்கது

இக்காலத்திற் கல்லூரிகள் பலவற்றின் இரசாயன சாலைகளில், வெவ்வேறு மருந்தியல்புள்ள இரண்டு உறுப்புகளை ஒரே மூலக்கூற்றிற் பிணைத்துப் புதுக் கலப்புப் பொருள்கள் ஆக்கப்படுகின்றன. அவற்றைத் தோய்த்த சிறு காகித வட்டங்களைக் கிருமி வளரும் அகார்த் தட்டில் இட்டு, வட்டத்தைச் சுற்றிக் கிருமி வளராது நின்ற வெளியை அளக்கின்றனர்; கிருமியைத் தடுக்கும் மிகக் குறைந்த அளவையும் காண்கின்றனர். மருந்துகளைத் தாங்கப் பழகிய கிருமிகள் நாடோறும் பெருகிவருதலின் இப்பணி மிக இன்றியமையாதது. எர்லிக் சுண்டெலியிற் கண்டு எச்சரித்த கேடு இன்று மருத்துவமனைதோறும் வந்து நிற்கின்றது.

ஆதலின் இத்துறையிற் புகும் நம் இளைஞர்கள் மூன்றினை நெஞ்சிற் பதித்தல் நலம். தட்டில் விழுந்த வெளி மருந்தாகாது. உயிருடலுக்கு ஊறின்மையும் உடன் காட்டப்படல் வேண்டும். தட்டில் வெளி விழாமையும் முடிந்த முடிபாகாது. உடலினுள் மாறி மருந்தாவனவும் உள. ஏட்டிற் பதியும் ஒவ்வோர் எண்ணும், ஆம் என்பதாயினும் இல்லை என்பதாயினும், முகமறியா ஒருவரின் உயிரைத் தொடுவதாகும்.

ஆய்வுக்கூடத்தில் நாம் கழித்துவைத்த குப்பிகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் ஒன்று 606 ஆக இருத்தல் கூடும். அதனைக் கழித்தது பொருளின் குறையாலோ நம் சோதனையின் குறையாலோ என்று மீண்டும் ஒருமுறை எடுத்துப் பார்க்கும் பொறுமை நமக்கு வாய்ப்பதாக.